சாயக் கழிவுநீரின் கடைசிப் படி: ஓசோனா, சவ்வா, எலெக்ட்ரான் கற்றையா?

உயிரியல் சுத்திகரிப்பு முடிந்து, கசடு அடியில் தங்கி, மேலே வழிந்தோடும் சாயக் கழிவுநீரை ஒரு கண்ணாடி முகவையில் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். கலங்கல் இருக்காது. நாற்றமும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். நிறம் மட்டும் போயிருக்காது. பழுப்பும் ஊதாவும் கலந்த ஒரு சாயல் முகவையின் அடிவரை தெரியும். காற்றூட்டத் தொட்டியில் வாழும் நுண்ணுயிரிகள் தங்களால் தின்ன முடிந்ததைத் தின்றுவிட்டன. வெயிலுக்கும் சோப்புக்கும் அசையாமல் துணியில் நிற்பதற்கென்றே உருவாக்கப்பட்ட சாய மூலக்கூறை அவற்றால் எப்படிக் கடிக்க முடியும்?

இந்த நீரை அடுத்து என்ன செய்வது என்பதில்தான் முடிவு தேவைப்படுகிறது. ஓசோன், ஃபென்டன் வினை, புற ஊதா விளக்கு, கரி, சவ்வு ஆகியவை பழகிய வழிகள். கதிர்வீச்சு என்ற சொல் வந்ததும் பேச்சின் போக்கே மாறிவிடுகிறது. சிலருக்கு அச்சம், சிலருக்கு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்ற மிகை நம்பிக்கை. இரண்டுமே தவறான கொள்முதலில் கொண்டுபோய் விடும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாள்தோறும் பல ஆயிரம் கன மீட்டர் சாயக் கழிவுநீர் வந்து சேரும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு, உயிரியல் சுத்திகரிப்புக்கு அடுத்த படியாக எலெக்ட்ரான் கற்றை என்ற கதிர்வீச்சு முறை தகுதியான தேர்வு. சிறிய ஆலைக்கு அது பொருந்தாது. உப்புதான் பிரச்சினை என்றால் எந்த ஆலைக்கும் பொருந்தாது.

நீருக்குள் நடப்பது

மின்னழுத்தத்தால் முடுக்கிவிடப்பட்ட எலெக்ட்ரான்கள் நீருக்குள் பாயும்போது அவை சாயத்தை நேராகத் தாக்குவது மிக அரிது. எங்கு பார்த்தாலும் நீர் மூலக்கூறுகள்தான் என்பதால் அடி அவற்றின் மேல்தான் விழுகிறது. உடைந்த நீரிலிருந்து ஹைட்ராக்சில் துகள், நீரேறிய எலெக்ட்ரான், ஹைட்ரஜன் அணு என்று மூன்று வினைத்துகள்கள் பிறக்கின்றன. ஹைட்ராக்சில் கடுமையான ஆக்சிஜனேற்றி. மற்ற இரண்டும் அதற்கு நேர் எதிராக, எலெக்ட்ரானைக் கொடுக்கும் ஒடுக்கிகள். ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும் ஒரே கணத்தில், ஒரே பாத்திரத்தில், எந்த வேதிப்பொருளையும் ஊற்றாமல் நடப்பது கதிர்வீச்சுக்கே உரிய சிறப்பு. குளோரின் ஒட்டியிருக்கும் கரைப்பான்களை ஓசோனை வைத்து உடைக்கப் படாத பாடு படவேண்டும். நீரேறிய எலெக்ட்ரான் அந்தக் குளோரினை எளிதாகப் பிய்த்துவிடும்.

இந்தத் துகள்கள் மைக்ரோ விநாடிக் கணக்கில்தான் உயிரோடு இருக்கும். பிறந்த இடத்திலேயே எதையாவது தாக்கிவிட்டு மறைந்துவிடும். நீரில் எஞ்சுவது சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடு மட்டுமே. வெளியேறும் நீர் கதிரியக்கம் பெறுமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. பெறாது. இந்த வேலைக்குப் பயன்படும் கருவிகளின் ஆற்றல் 10 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டுவதில்லை. உணவுப் பொருள்களைக் கதிரூட்டுவதற்கும் எலெக்ட்ரான் கற்றைக்கு இதே வரம்புதான் உலகெங்கும் வைக்கப்பட்டிருக்கிறது. அணுக்கருவைக் கலைக்கும் அளவுக்கு அந்த ஆற்றல் போதாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்த முறையின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரியும். கதிர்வீச்சின் அளவைக் கிரே என்ற அலகில் சொல்வார்கள். ஒரு கிலோகிரே என்றால் ஒரு கிலோ நீருக்கு ஒரு கிலோஜூல் ஆற்றல். நீரின் வெப்பநிலை கால் டிகிரிகூட உயராது. ஒரு கன மீட்டர் நீருக்கு அது 0.28 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அந்த ஒரு கிலோகிரே, ஒரு லிட்டர் நீரில் சுமார் 0.28 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு) ஹைட்ராக்சிலையும் ஏறக்குறைய அதே அளவு நீரேறிய எலெக்ட்ரானையும் உண்டாக்குகிறது.

இப்போது லிட்டருக்கு 50 மில்லிகிராம் ரியாக்டிவ் பிளாக் 5 சாயம் கலந்த நீரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாயத்தின் மூலக்கூறு எடை ஏறத்தாழ ஆயிரம். ஆகவே நீரில் இருப்பது 0.05 மில்லிமோல்தான். ஒரு சாய மூலக்கூறுக்குப் பத்துக்கு மேல் வினைத்துகள்கள் கிடைக்கின்றன. நிறத்தைத் தரும் அசோ பிணைப்பை வெட்ட இது தாராளம்.

அதே நீரில் சி.ஓ.டி. (கரிமப் பொருளை வேதிமுறையில் முழுதும் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் இருந்து, அத்தனையையும் கரியமில வாயுவாகவும் நீராகவும் எரித்துத் தள்ள வேண்டும் என்று ஒருவர் கேட்டால்? அதற்கு 125 மில்லிமோல் எலெக்ட்ரானைப் பிடுங்க வேண்டும். ஹைட்ராக்சிலை மட்டும் நம்பினால் 400 கிலோகிரேவுக்கு மேல் போகும். நீரில் கரைந்த ஆக்சிஜன் நடைமுறையில் ஓரளவு கைகொடுக்கும் என்றாலும், ஒரு கன மீட்டருக்கு நூறு யூனிட்டைத் தாண்டும் இந்தக் கணக்கு எந்த ஆலைக்கும் கட்டுப்படியாகாது.

கதிரூட்டிய சாய நீரின் ஆய்வக முடிவுகளைப் படிக்கும்போது இது கண்ணெதிரே தெரியும். நிறம் தொண்ணூறு சதவீதம் போயிருக்கும், சி.ஓ.டி. எண்ணோ லேசாகத்தான் இறங்கியிருக்கும். அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் பி.ஓ.டி. (நுண்ணுயிரிகள் கரிமப் பொருளைத் தின்னத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) ஏறியிருக்கும். பி.ஓ.டி. ஏறியதைக் கண்டு தோல்வி என்று தாளை மூடிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஏற்றத்தைத்தான் நாம் விரும்ப வேண்டும். நுண்ணுயிரி தொடாத பெரிய மூலக்கூறு, அது தின்னக்கூடிய சிறிய அமிலங்களாக உடைந்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. கதிர்வீச்சு வெட்டிக் கொடுக்க வேண்டும், நுண்ணுயிரி தின்று முடிக்க வேண்டும். இந்தக் கூட்டைப் புரிந்துகொள்ளாமல் செய்யும் எந்த ஒப்பீடும் கதிர்வீச்சுக்குப் பாதகமாகவே முடியும்.

பழகிய வழிகள்

ஓசோனோடுதான் உண்மையான போட்டி. நீரில் கரையும் ரியாக்டிவ் சாயங்களின் நிறத்தை அது நிமிடங்களில் போக்கிவிடும். கருவியை எந்த மூலையிலும் வைக்கலாம், அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய உரிமம் வேண்டாம், தேவைக்கேற்பக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் ஓசோன் ஒரு வாயு. அதை முதலில் நீரில் கரைக்க வேண்டும். கரையாமல் மேலே வருவதை அழிக்கத் தனிக் கருவி வேண்டும். ஒரு கிலோ ஓசோன் செய்யப் பத்து யூனிட் அளவில் மின்சாரம் செலவாகும். பாலியஸ்டருக்குப் போடும் டிஸ்பர்ஸ் சாயங்கள் நீரில் கரையாமல் நுண்துகள்களாக மிதப்பதால் அவற்றிடம் ஓசோன் தடுமாறும். நீரில் புரோமைடு இருந்தால் புரோமேட் உருவாகும். புற்றுநோய் ஐயத்தால் குடிநீரில் கட்டுப்படுத்தப்படும் பொருள் அது. இவ்வளவு குறைகளைச் சொன்னாலும், நாளுக்குச் சில நூறு கன மீட்டர் மட்டுமே கழிவுநீர் வரும் தனி ஆலை என்னிடம் கேட்டால் ஓசோனைத்தான் முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்வேன்.

ஃபென்டன் வினை 1894 முதல் அறியப்பட்டது. இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்து ஹைட்ராக்சிலைத் தருகின்றன. கடுமையான கழிவுக்கும் அது அசராது, முதலீடும் குறைவு. ஆனால் நீரின் பி.எச். அளவை (அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண்) அமிலம் சேர்த்து மூன்றுக்கு இறக்க வேண்டும், வினை முடிந்ததும் காரம் போட்டு ஏற்ற வேண்டும். அப்போது இரும்பு ஹைட்ராக்சைடு செந்நிறக் குழம்பாக அடியில் சேரும். சாயக் கழிவுநீர் பெரும்பாலும் காரத்தன்மையோடு வருவதால் அமிலச் செலவும் கூடும். நீரில் இருந்த தொல்லை கசடுக்கு மாறுகிறது. லாரி லாரியாக அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பது தனிக் கவலை.

புற ஊதா விளக்கு குடிநீருக்கு அருமையானது. நிறமுள்ள கழிவுநீருக்கு அல்ல. ஒளி ஊடுருவ வேண்டும், ஆனால் சாயம் என்பதே ஒளியை விழுங்கும் பொருள். எதை அழிக்க வேண்டுமோ அதுவே விளக்கை மறைத்துக்கொண்டு நிற்கிறது. போதாக்குறைக்கு, விளக்கைச் சூழ்ந்த குவார்ட்ஸ் உறையின் மேல் கால்சியமும் இரும்பும் படியும். எலெக்ட்ரான் கற்றைக்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை. கறுத்த நீரும் தெளிந்த நீரும் அதற்கு ஒன்றுதான்.

கரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது பிடித்து வைக்கும், அழிக்காது. நிறைந்த கரியைச் சூளையில் மீண்டும் சுட வேண்டும் அல்லது அபாயக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். ஏற்கெனவே நன்றாகச் சுத்தமான நீரில் எஞ்சிய துளியைப் பிடிப்பதற்கு அது நல்லது.

சவ்வு முறையை இந்த வரிசையில் வைப்பதே பொருத்தமற்றது என்பேன். ஆர்.ஓ. சவ்வு செய்யும் வேலை வேறு. ரியாக்டிவ் சாயமேற்ற லிட்டருக்குப் பல பத்துக் கிராம் உப்பு போடுகிறார்கள். அந்த உப்பை ஓசோனோ ஃபென்டனோ எலெக்ட்ரான் கற்றையோ ஒரு கிராம்கூடக் குறைக்காது. உப்பைப் பிரிக்க வேண்டும் என்று சட்டமோ நிலமோ கேட்டால் சவ்வுக்கு மாற்று இல்லை. அதன் மறுபக்கத்தில் அடர்த்தியான உப்புக் கழிவு சேரும். அதை ஆவியாக்கப் பெரும் மின்சாரமும் நீராவியும் தேவை. நிறமும் கரிமப் பொருளும் சவ்வின் மேல் படிந்து அடைப்பதுதான் அங்கே அன்றாடத் தலைவலி. ஆகவே சவ்வுக்கு முன்னால் நிற்கும் துணையாகக் கதிர்வீச்சைக் கருதலாம், அதன் எதிரியாக அல்ல.

கோபால்டா, முடுக்கியா?

கதிர்வீச்சு என்று முடிவானால் அடுத்த தேர்வு இது: கதிரியக்கக் கோபால்ட்டா, மின்சாரத்தால் எலெக்ட்ரான் கற்றையை உண்டாக்கும் முடுக்கியா? கோபால்ட்-60 வெளியிடும் காமா கதிர் நீரில் ஆழமாக ஊடுருவும். குழம்பு போன்ற கெட்டியான கழிவுக்கும் அது ஏற்றது. கழிவுநீர்க் கசடில் உள்ள நோய்க்கிருமிகளை அழிக்க ஜெர்மனியில் மியூனிக் அருகே கைசல்புல்லாக்கில் 1973-லேயே இப்படி ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. குஜராத்தின் வடோதராவில் 1992-இல் கோபால்ட் நிலையம் வந்தது. கசடுக்கு அது சரியான கருவி.

ஆனால் பெருகி ஓடும் தொழிற்சாலை நீருக்குக் கணக்கு ஒத்துவராது. பத்து லட்சம் கியூரி (கதிரியக்கத்தின் அலகு) கோபால்ட் வெளியிடும் திறன் சுமார் 15 கிலோவாட்தான். தென் கொரியாவின் டேகு சாயத் தொழில் வளாகத்தில் 2005-இல் இயங்கத் தொடங்கிய முடுக்கியின் கற்றைத் திறன் 400 கிலோவாட். அதற்கு ஈடுகட்ட இரண்டரைக் கோடி கியூரிக்கு மேல் கோபால்ட் வேண்டும். அதுவும் 5.27 ஆண்டுகளில் பாதியாகிவிடும். ஆண்டுக்கு 12 சதவீதத்துக்கு மேல் தானாகத் தேயும். ஆலை விடுமுறையில் இருந்தாலும் தேய்மானம் நிற்காது. முடுக்கியோ மின்சார விசையை அணைத்தால் கதிர்வீச்சும் அணைந்துவிடுகிறது. பாதுகாக்க வேண்டிய கதிரியக்கப் பொருள் அங்கே எதுவுமே இல்லை. சுற்றி வாழும் மக்களிடம் நேர்மையாக எடுத்துச் சொல்லக்கூடிய பெரிய வேறுபாடு இது.

முடுக்கியின் பலவீனம் ஊடுருவும் ஆழம். ஒரு மெகா எலெக்ட்ரான் வோல்ட் எலெக்ட்ரான் நீரில் நான்கு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டியதும் நின்றுவிடும். பத்து மெகா எலெக்ட்ரான் வோல்ட் என்றாலும் ஐந்து சென்டிமீட்டர்தான். ஆனால் அத்தகைய முடுக்கிகள் மின்சாரத்தைக் கற்றையாக மாற்றும் திறனில் மிகவும் பின்தங்கியவை. எனவே பெரிய நிலையங்களில் ஆற்றல் குறைந்த, திறன் மிகுந்த கருவியை வைத்துக்கொண்டு நீரை மெல்லிய தகடாக்கி அனுப்புகிறார்கள். டேகுவில் அகலமான பீச்சுகுழாய்களிலிருந்து நீர் ஒரு திரைபோலச் சீறி வரும். மேலிருந்து கற்றை அதன் மேல் விழும். வெற்றிடக் குழாய்க்கும் வெளிக் காற்றுக்கும் நடுவே நிற்பது முடியளவு மெல்லிய டைட்டானியத் தகடு ஒன்றுதான். அந்தத் தகட்டுக்கு ஓயாமல் காற்றடித்துச் சூடு தணிக்க வேண்டும். நீரில் பஞ்சும் நூல் துணுக்கும் வந்து பீச்சுகுழாயில் சிக்கினால் திரை கிழிந்துபோகும். ஒரு பகுதி நீர் கதிரே படாமல் கடந்துவிடும். நன்றாக வடிகட்டாத நீரை முடுக்கிக்கு அனுப்புவது பணத்தை வாய்க்காலில் விடுவதற்குச் சமம்.

எலெக்ட்ரான் தடுக்கப்படும் இடங்களில் எக்ஸ் கதிர் எழும். அதனால் தடித்த கான்கிரீட் சுவரும் உள்ளே ஆள் இருந்தால் இயங்க மறுக்கும் பூட்டமைப்பும் கட்டாயம். காற்றில் பாயும் கற்றை ஓசோனையும் உண்டாக்கும். அதை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். உரிமம், பயிற்சி பெற்ற ஆட்கள், கதிர்ப் பாதுகாப்பு அலுவலர் என்று எல்லாம் சேரும். இவை நீரின் அளவைப் பொறுத்துக் கூடுவதோ குறைவதோ இல்லை. நூறு கன மீட்டருக்கும் பத்தாயிரம் கன மீட்டருக்கும் ஏறத்தாழ அதே சுவர், அதே அலுவலர். சிறிய ஆலைக்கு இது பொருந்தாது என்று தொடக்கத்தில் சொன்னதன் காரணம் இதுவே.

முன்னாலா, பின்னாலா?

டேகு நிலையம் நாளுக்கு 10,000 கன மீட்டருக்காகக் கட்டப்பட்டது. அதன் 400 கிலோவாட் முழுவதும் நீரில் இறங்கினாலும் சராசரி மூன்றரை கிலோகிரேவைத் தாண்ட முடியாது. நிறத்தை வெட்ட அது போதும், கரிமப் பொருளை எரிக்க அல்ல. அங்கே உயிரியல் தொட்டிக்கு முன்னால் கதிரூட்டினார்கள். நுண்ணுயிரிகளுக்கு வேலை எளிதாகி, அதே அளவு சுத்தத்துக்குத் தொட்டியில் நீர் தங்க வேண்டிய நேரம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. நிலம் கிடைக்காத, தொட்டியைப் பெரிதாக்க முடியாத இடத்தில் இது பெரும் ஆதாயம். சோவியத் காலத்தில் வோரோனெஷ் நகரச் செயற்கை ரப்பர் ஆலையும் இதே எண்ணத்தில்தான் இயங்கியது. நுண்ணுயிரிக்கு மசியாத நெகால் என்ற நுரைப்பொருளை முடுக்கியால் உடைத்து, பிறகு வழக்கமான சுத்திகரிப்புக்கு அனுப்பினார்கள்.

சீனாவில் வேறு வழியில் போனார்கள். ஜெஜியாங் மாகாணத்தின் ஜின்ஹுவாவில் 2017-இல் தொடங்கியதும், குவாங்டாங்கில் ஜியாங்மென் நகரச் சாய ஆலைக்காக 2020-இல் வந்த, நாளுக்கு 3 கோடி லிட்டர் கையாளும் பெரிய நிலையமும் உயிரியல் சுத்திகரிப்புக்குப் பிறகே கதிரூட்டுகின்றன. நுண்ணுயிரி இலவசமாகத் தின்னக்கூடியதை முதலில் தின்னட்டும். அது விட்டுவைத்ததன் மேல் மட்டும் விலையுயர்ந்த ஹைட்ராக்சிலைச் செலவிடலாம் என்பது இதன் தர்க்கம். வெளியேறும் நீரை மீண்டும் சாயமேற்றப் பயன்படுத்துவது நோக்கம் என்றால் நான் இந்த வரிசையைத்தான் தேர்வேன். முன்னால் வைத்தால் மாவுப்பசையும் சோப்பும் சாயத்துக்குப் போக வேண்டிய ஹைட்ராக்சிலைப் பறித்துக்கொள்ளும்.

பறித்துக்கொள்ளும் இன்னொரு கை, பலரும் கவனிக்காதது, கார்பனேட். ரியாக்டிவ் சாயத்தைப் பஞ்சில் பிணைக்கச் சலவைச் சோடா (சோடியம் கார்பனேட்) போடுகிறார்கள். அதனால் கழிவுநீரில் கார்பனேட் நிறைந்திருக்கும். பைகார்பனேட்டைவிடக் கார்பனேட் நாற்பது மடங்குக்கு மேல் வேகமாக ஹைட்ராக்சிலை விழுங்கும். நீரின் பி.எச். பத்துக்கு மேல் இருந்தால் கதிரின் பெரும்பகுதி சாயத்துக்குக் கிடைக்காது. எட்டுக்குக் கீழே இறக்கினால் கார்பனேட்டில் பெரும்பகுதி பைகார்பனேட்டாகிவிடும். அதே கற்றை, அதே மின்சாரம், விளைவு வேறு. உயிரியல் தொட்டியிலிருந்து வெளிவரும் நீர் பெரும்பாலும் ஏழுக்கும் எட்டுக்கும் இடையே இருப்பது பின்னால் வைப்பதற்கு மற்றொரு காரணம்.

எனவே முடுக்கி விற்பவர் காட்டும் தெளிந்த நீர்க் குப்பியைப் பார்த்து யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். சாயத்தைத் தூய நீரில் கரைத்துக் காட்டினால் எந்த முறையும் அழகாகத்தான் தெரியும். உங்கள் சொந்தக் கழிவுநீரை, வேலை மும்முரமான வாரத்தில் வெவ்வேறு நாள்களில் எடுத்து, கதிரூட்டும் வசதியுள்ள ஆய்வு மையத்துக்குக் கொண்டுபோங்கள். 1, 2, 5 கிலோகிரே என மூன்று அளவுகளில் கதிரூட்டச் சொல்லுங்கள். அதே நீரில் ஓசோனையும் சோதியுங்கள். நிறத்தில் ஒரே அளவு குறைவதற்கு இரண்டும் எவ்வளவு மின்சாரம் தின்கின்றன என்று ஒரே தாளில் எழுதுங்கள். சி.ஓ.டி. சோதிப்பதற்கு முன் எஞ்சிய ஹைட்ரஜன் பெராக்சைடை நீக்கச் சொல்ல மறக்க வேண்டாம்; டைகுரோமேட் சோதனையில் அதுவும் சேர்ந்து எண்ணைப் பொய்யாக உயர்த்தும். நச்சுத்தன்மையையும் கேளுங்கள். பாதி உடைந்த சாயத் துண்டு சில வேளை முழுச் சாயத்தைவிட நச்சு மிகுந்ததாக இருக்கக்கூடும். நிறம் போனதால் அது கண்ணுக்கும் தெரியாது. நீர்த்தெள்ளு என்ற சிறு உயிரியை அந்த நீரில் 48 மணி நேரம் விட்டு எத்தனை அசைகின்றன என்று எண்ணும் சோதனை எளியது. 5 கிலோகிரேவிலும் அவை அசையாமல் கிடந்தால், முடுக்கியை வாங்குவதற்கு முன் கதிரூட்டிய அந்த நீரை ஒரு சிறிய காற்றூட்டத் தொட்டியில் ஓரிரு நாள் ஓடவிட்டு, மறுபடியும் எண்ணிப் பார்க்க வேண்டும்.